பார்க்கின்சன் நோயில் புரத ஆக்சிசனேற்றம்

பார்க்கின்சன் நோயில் புரத ஆக்சிசனேற்றம் என்பது, தமிழில் நடுக்குவாதம் என்று வழங்கும் பார்க்கின்சன் நோயில், மூளை உயிரணுக்களில் உள்ள புரதங்கள் வினைத்திறன் மிக்க ஆக்சிசன் சேர்மங்களால் தாக்கப்பட்டு வேதியியல் மாற்றம் அடைவதைக் குறிக்கும். இச்சேர்மங்கள் உருவாகும் அளவுக்கும், அவற்றை அடக்கும் உயிரணுவின் திறனுக்கும் இடையிலான சமநிலை குலைவதே ஆக்சிசனேற்ற அழுத்தம் எனப்படுகின்றது.

இந்நோயால் இறந்தோரின் மூளையில் இத்தகைய சேதம் மிகுந்திருப்பது 1980கள் முதல் பல ஆய்வுகளில் காட்டப்பட்டுள்ளது. ஆயினும் ஆக்சிசனேற்றத்தைத் தடுக்கும் பொருள்களை நோயாளிகளுக்குக் கொடுத்துச் செய்யப்பட்ட பெரிய மருத்துவ ஆய்வுகள் எவையும் நோயின் வளர்ச்சியைக் குறைக்கவில்லை. எனவே இச்சேதம் நோயின் காரணமா, அல்லது வேறு காரணத்தால் நலிந்த உயிரணுவில் காணப்படும் விளைவா என்பது இத்துறையின் மையக் கேள்வியாக உள்ளது.

பின்னணி

இந்நோயை இலண்டன் மருத்துவர் சேம்சு பார்க்கின்சன் 1817 ஆம் ஆண்டில் விவரித்தார். கைநடுக்கம், தசை இறுக்கம், அசைவுகள் மந்தமாதல், நடையில் தடுமாற்றம் ஆகியன இதன் முதன்மை அறிகுறிகள். நடுமூளையில் சப்ஸ்டான்சியா நைக்ரா, அதாவது கரும்பொருள், என்னும் பகுதி உள்ளது. அங்குள்ள நரம்பணுக்கள் டோப்பமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கின்றன. இவ்வணுக்கள் படிப்படியாக அழிவதே அசைவு தொடர்பான அறிகுறிகளுக்குக் காரணம் ஆகும்.

எஞ்சியிருக்கும் நரம்பணுக்கள் பலவற்றில் லூயி உடலங்கள் எனப்படும் புரதத் திரள்கள் காணப்படுகின்றன. இவற்றை பிரெடரிக் லூயி 1912 இல் விவரித்தார். இத்திரள்களின் முதன்மைக் கூறு ஆல்ஃபா-சைனுக்ளின் என்னும் புரதம் என்பது 1997 இல் தெரியவந்தது. தற்போதுள்ள மருந்துகள் அறிகுறிகளைத் தணிக்கின்றன. நரம்பணுக்களின் அழிவைத் தடுக்கும் என உறுதிப்படுத்தப்பட்ட மருந்து எதுவும் இல்லை.

ஆக்சிசனேற்ற அழுத்தம்

உயிரணுவுக்குத் தேவையான ஆற்றலின் பெரும்பகுதி மைட்டோகாண்டிரியா என்னும் இழைமணிகளில் உருவாகின்றது. உணவிலிருந்து பெறப்படும் எலக்ட்ரான்கள் புரதத் தொகுதிகளின் வரிசை ஒன்றின் வழியாகக் கடத்தப்பட்டு, இறுதியில் ஆக்சிசனுடன் சேர்ந்து நீராகின்றன. இவ்வழியில் சிறிதளவு எலக்ட்ரான்கள் கசிந்து ஆக்சிசன் மூலக்கூற்றுடன் நேரடியாகச் சேரும்போது சூப்பராக்சைடு என்னும் தனி உறுப்பு உருவாகின்றது. பின்னர் நிகழும் மாற்றங்கள் வருமாறு:

* சூப்பராக்சைடை சூப்பராக்சைடு டிசுமியூட்டேசு என்னும் நொதி ஐதரசன் பெராக்சைடாக மாற்றுகின்றது. இந்நொதியின் செயலை மெக்கார்டு, பிரிடோவிச் ஆகியோர் 1969 இல் கண்டறிந்தனர்.
* ஐதரசன் பெராக்சைடை கேட்டலேசு, குளூட்டாதயோன் பெராக்சிடேசு போன்ற நொதிகள் நீராக மாற்றுகின்றன. இரண்டாவது நொதி செயற்பட குளூட்டாதயோன் என்னும் சிறு மூலக்கூறு தேவை.
* நீராக மாற்றப்படாத ஐதரசன் பெராக்சைடு இரும்பு அயனியைச் சந்திக்குமானால் ஐதராக்சில் தனி உறுப்பு தோன்றுகின்றது. இது பென்டன் வினை எனப்படும். ஐதராக்சில் தனி உறுப்பு மிக அருகில் உள்ள எந்த மூலக்கூற்றையும் உடனே தாக்கக் கூடியது.
* சூப்பராக்சைடு நைட்ரிக் ஆக்சைடுடன் சேர்ந்தால் பெராக்சிநைட்ரைட்டு உருவாகின்றது. இது புரதங்களில் நைட்ரோ தொகுதியைச் சேர்க்க வல்லது.

இச்சேர்மங்கள் முழுவதும் தீங்கானவை அல்ல. குறைந்த அளவில் இவை உயிரணுவுக்குள் செய்தி கடத்தும் பணியைச் செய்கின்றன. எதிர் ஆக்சிசனேற்றிகள் எவ்வளவு மிகுந்தாலும் நன்மையே என்னும் பொதுக்கருத்து இதனாலேயே சரியன்று.

கரும்பொருள் நரம்பணுக்களின் நலிவு

மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடு மட்டுமே இருந்தாலும், ஓய்வு நிலையில் உடல் பயன்படுத்தும் ஆக்சிசனில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கின்றது. மூளையிலும் கரும்பொருள் நரம்பணுக்கள் கூடுதல் இடருக்கு உள்ளாகின்றன. அதற்குக் கூறப்படும் காரணங்கள்:

1. டோப்பமைன்: டோப்பமைனை மோனோஅமீன் ஆக்சிடேசு நொதி சிதைக்கும்போது ஐதரசன் பெராக்சைடும், டோபால் என்னும் வினைத்திறன் மிக்க ஆல்டிகைடும் உண்டாகின்றன. நொதியின் துணையின்றியும் டோப்பமைன் தானே ஆக்சிசனேற்றம் அடைந்து குயினோனாக மாறக்கூடும். குயினோன்கள் புரதங்களில் உள்ள சிஸ்டீனுடன் பிணைந்து அவற்றின் செயலைக் கெடுக்கின்றன. நறுக்கிய வாழைக்காய் காற்றுப்பட்டுக் கறுப்பதும் இவ்வகை வினையே ஆகும். வாழையில் டோப்பமைன் உள்ளது, அதனை ஒரு நொதி குயினோனாக்குகின்றது. (உணவில் உள்ள டோப்பமைன் குருதி-மூளைத் தடுப்பைக் கடந்து மூளைக்குள் செல்வதில்லை.) கரும்பொருளுக்கு அதன் நிறத்தைத் தரும் நியூரோமெலனின் என்னும் நிறமியும் டோப்பமைன் ஆக்சிசனேற்றத்தின் விளைபொருளே.
2. இரும்பு: இப்பகுதியில் இரும்பு மிகுதி. எனவே பென்டன் வினைக்கு வாய்ப்பு உள்ளது.
3. கால்சியம்: இந்நரம்பணுக்கள் வெளித்தூண்டல் இன்றித் தாமே இடைவிடாது துடிக்கின்றன. ஒவ்வொரு துடிப்பிலும் உள்ளே வரும் கால்சியத்தை வெளியேற்ற ஆற்றல் செலவாவதால் இழைமணிகளின் சுமை கூடுகின்றது.
4. நீண்ட கிளைகள்: ஒரே நரம்பணுவின் நரம்பிழை பன்முறை கிளைத்து இலட்சக்கணக்கான இணைப்புகளை ஏற்படுத்துகின்றது. அவை அனைத்துக்கும் ஆற்றல் தேவைப்படுகின்றது.

புரதங்களில் ஏற்படும் மாற்றங்கள்

புரதங்கள் அமினோ அமிலங்களால் ஆனவை. எந்த அமினோ அமிலம் தாக்கப்படுகின்றது என்பதைப் பொறுத்து மாற்றமும் வேறுபடும்.

* கார்பனைல் ஏற்றம்: லைசின், ஆர்ஜினின், புரோலின், திரியோனின் ஆகியவற்றின் பக்கச் சங்கிலிகளில் கார்பனைல் தொகுதி உருவாதல். இதனை உயிரணு திரும்பச் சீர்செய்வதில்லை எனக் கருதப்படுகின்றது. அப்புரதம் சிதைத்து நீக்கப்படவேண்டும்.
* சிஸ்டீன் மாற்றங்கள்: சிஸ்டீனின் கந்தக அணு படிப்படியாக சல்பெனிக், சல்பினிக், சல்போனிக் அமில நிலைகளை அடைகின்றது. முதல் நிலை எளிதில் மீளக்கூடியது. இறுதி நிலை மீளாதது.
* மெத்தியோனின் சல்பாக்சைடு: இதனை மீண்டும் மெத்தியோனினாக மாற்றும் நொதிகள் உயிரணுவில் உள்ளன.
* டைரோசின் நைட்ரோவேற்றம்: பெராக்சிநைட்ரைட்டின் தாக்குதலால் 3-நைட்ரோடைரோசின் உருவாதல்.
* கொழுப்பின் வழியான சேதம்: உயிரணுச் சவ்வில் உள்ள கொழுப்பு ஆக்சிசனேற்றம் அடையும்போது தோன்றும் 4-ஐதராக்சிநோனெனல் போன்ற ஆல்டிகைடுகள் புரதங்களுடன் பிணைதல்.

இவற்றுள் அளவிட மிகுதியாகப் பயன்படுவது கார்பனைல் ஆகும். 2,4-டைநைட்ரோபீனைல்ஐதரசீன் என்னும் வேதிப்பொருள் கார்பனைலுடன் சேர்ந்து ஒளியை உறிஞ்சும் சேர்மத்தைத் தருகின்றது. அதன் அளவைக் கொண்டு மொத்தச் சேதம் கணக்கிடப்படுகின்றது. இம்முறை மொத்த அளவை மட்டுமே தரும். எந்தப் புரதத்தில், எந்த இடத்தில் சேதம் என்பதை அறிய நிறை நிறமாலையியல் தேவைப்படுகின்றது.

சேதமடைந்த புரதங்களை புரோட்டியசோம் என்னும் சிதைப்புத் தொகுதியும் லைசோசோம்களும் நீக்குகின்றன. இவ்விரண்டும் தளர்ந்தால் சேதமடைந்த புரதங்கள் தேங்குகின்றன.

ஆய்வு வரலாறு

இக்கருதுகோளுக்கு வலுவூட்டிய நிகழ்வு 1982 இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடந்தது. போதைக்காகச் செயற்கை மருந்து ஒன்றை ஊசி மூலம் ஏற்றிக்கொண்ட இளைஞர் சிலர், சில நாட்களிலேயே முற்றிய பார்க்கின்சன் நோயாளிகளைப் போல அசைவற்றுப் போயினர். அம்மருந்தில் எம்பிடிபி என்னும் மாசு கலந்திருந்ததே காரணம் என்பதை வில்லியம் லாங்சுடனும் உடன் ஆய்வாளர்களும் 1983 இல் வெளியிட்டனர்.

எம்பிடிபி மூளையில் மோனோஅமீன் ஆக்சிடேசு-பி நொதியால் மாற்றமடைந்து நச்சாகின்றது. அந்நச்சு டோப்பமைன் நரம்பணுக்களுக்குள் புகுந்து இழைமணியின் எலக்ட்ரான் கடத்தலில் முதல் கட்டமான தொகுதி 1ஐ முடக்குகின்றது. இதனால் ஆற்றல் குறைவதுடன் எலக்ட்ரான் கசிவும் மிகுகின்றது. வெளியிலிருந்து நச்சு ஏற்றிக்கொள்ளாத சாதாரண நோயாளிகளின் கரும்பொருளிலும் தொகுதி 1இன் செயல் குறைந்திருப்பதை அந்தோணி சாப்பிராவும் உடன் ஆய்வாளர்களும் 1989 இல் காட்டினர்.

2000 ஆம் ஆண்டில், தாவர வேர்களிலிருந்து பெறப்படும் பூச்சிக்கொல்லியான ரோட்டினோனை எலிகளுக்குத் தொடர்ந்து செலுத்தியபோது டோப்பமைன் நரம்பணுக்கள் அழிவதும் லூயி உடலங்களை ஒத்த திரள்கள் தோன்றுவதும் கண்டறியப்பட்டது. ரோட்டினோனும் தொகுதி 1ஐத் தடுப்பதே ஆகும். பூச்சிக்கொல்லிகளைக் கையாண்டோரிடையே அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2011 இல் வெளியான ஆய்வில், ரோட்டினோன், களைக்கொல்லியான பாராகுவாட்டு ஆகியவற்றைப் பயன்படுத்தியோருக்கு இந்நோய் மிகுதியாகக் காணப்பட்டது.

மூளைத் திசுக்களில் கிடைத்த சான்றுகள்

இறந்தோரின் மூளைத் திசுக்களில் கண்டறியப்பட்டவற்றுள் முதன்மையானவை:

* கரும்பொருளில் குளூட்டாதயோன் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்திருத்தல் (1994)
* கரும்பொருளில் இரும்பும் கொழுப்பு ஆக்சிசனேற்ற விளைபொருள்களும் மிகுந்திருத்தல் (1980களின் பிற்பகுதி)
* கரும்பொருள் நரம்பணுக்களில் 4-ஐதராக்சிநோனெனல் பிணைந்த புரதங்கள் (1996)
* மூளையின் பல பகுதிகளில் புரதக் கார்பனைல் மிகுந்திருத்தல் (1997)
* லூயி உடலங்களில் நைட்ரோவேற்றமடைந்த ஆல்ஃபா-சைனுக்ளின் (2000)

இவற்றுள் 1997 ஆம் ஆண்டின் கார்பனைல் ஆய்வு கவனத்துக்குரியது. கார்பனைல் மிகுதி கரும்பொருளோடு நிற்காமல், நரம்பணு அழிவு குறைவாக உள்ள பகுதிகளிலும் காணப்பட்டது. மேலும், அறிகுறி எதுவும் தோன்றாமல் மூளையில் லூயி உடலங்கள் மட்டும் இருந்தோரிடம் அது காணப்படவில்லை. இத்தகையோர் நோயின் தொடக்க நிலையில் இருந்தவர்கள் எனக் கருதப்படுகின்றனர். எனவே கார்பனைல் சேதம் நோயின் பிற்பகுதியில் தோன்றுவதாகவோ, சிகிச்சையின் விளைவாகவோ இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. ஆனால் குளூட்டாதயோன் குறைவு இத்தொடக்க நிலையினரிடமும் கண்டறியப்பட்டுள்ளது. ஆக்சிசனேற்ற அழுத்தம் முன்னரே தொடங்கி, மீளாத புரதச் சேதம் பின்னர் சேருகின்றது என்பது இவ்விரு முடிவுகளையும் இணைக்கும் ஒரு விளக்கம் ஆகும்.

தனிப் புரதங்கள்

ஆல்ஃபா-சைனுக்ளின்

140 அமினோ அமிலங்களைக் கொண்ட இப்புரதத்தில் நான்கு டைரோசின்களும் நான்கு மெத்தியோனின்களும் உள்ளன, சிஸ்டீன் இல்லை. ஆக்சிசனேற்றம் இதனை எளிதாகத் திரளச் செய்யும் என்று எதிர்பார்க்கப்பட்டது. சோதனைக்குழாயில் கிடைத்த முடிவு வேறு. மெத்தியோனின்கள் ஆக்சிசனேற்றமடைந்த ஆல்ஃபா-சைனுக்ளின் நீண்ட இழைகளாவது தடைப்படுவதாக 2002 இல் கண்டறியப்பட்டது. டோப்பமைன் பிணைந்த புரதமும் இழையாகாமல் இடைநிலைச் சிறு திரள்களாகவே தங்குவதாக 2001 இல் அறிவிக்கப்பட்டது. பெரிய இழைகளை விட இச்சிறு திரள்களே நரம்பணுவுக்கு மிகுந்த தீங்கு செய்கின்றன எனப் பல ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

பார்க்கின்

இளம் வயதில் தொடங்கும் ஒருவகைப் பரம்பரை நோய்க்குக் காரணமான மரபணு 1998 இல் சப்பானிய ஆய்வாளர்களால் கண்டறியப்பட்டு பார்க்கின் எனப் பெயரிடப்பட்டது. பழுதான இழைமணிகளை அடையாளமிட்டு அகற்றுவதில் இப்புரதம் பங்கேற்கின்றது. இதில் சிஸ்டீன்கள் மிகுதி. நைட்ரிக் ஆக்சைடு இச்சிஸ்டீன்களுடன் பிணைந்து பார்க்கினின் செயலை மாற்றுவது 2004 இலும், டோப்பமைன் குயினோன் பிணைந்து அதனை முடக்குவது 2005 இலும் காட்டப்பட்டன. மரபணுப் பிறழ்வு இல்லாதவரிடமும் பார்க்கின் செயலிழக்க இது ஒரு வழியாகும்.

டிஜே-1

189 அமினோ அமிலங்களைக் கொண்ட இப்புரதத்தின் மரபணுவில் ஏற்படும் பிறழ்வு நோயை உண்டாக்குவது 2003 இல் கண்டறியப்பட்டது. இது மிக அரிதான வகை. இப்புரதத்தின் 106 ஆம் இடத்தில் உள்ள சிஸ்டீன் ஆக்சிசனேற்றத்தை உணரும் பொறியாகச் செயற்படுகின்றது. அது சல்பினிக் நிலையை அடையும்போது டிஜே-1 இழைமணியை நோக்கி இடம்பெயர்ந்து உயிரணுவைக் காக்க உதவுகின்றது. அந்தச் சிஸ்டீனை நீக்கி வேறு அமினோ அமிலத்தை வைத்தால் இக்காப்பு இழக்கப்படுவது 2004 இல் காட்டப்பட்டது. ஆக்சிசனேற்றம் எல்லை மீறிச் சென்றால் புரதம் செயலிழக்கின்றது. ஒரே வேதிமாற்றம் ஓரளவில் காப்பாகவும் மிகும்போது சேதமாகவும் அமைவதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு.

காரணமா, விளைவா?

ஆக்சிசனேற்ற அழுத்தம் காரணமே என்பதற்கு எம்பிடிபி, ரோட்டினோன் ஆகியவற்றின் செயலும், டிஜே-1, பார்க்கின் ஆகிய மரபணுக்களும் சான்றாகக் காட்டப்படுகின்றன. எதிர்த்தரப்பினர், சாகும் தறுவாயில் உள்ள எந்த உயிரணுவிலும் ஆக்சிசனேற்றச் சேதம் காணப்படும் என்றும், அல்சைமர் போன்ற பிற நோய்களிலும் இதே சேதம் உள்ளது என்றும் சுட்டுகின்றனர். இறந்தபின் எடுக்கப்படும் திசு நோயின் இறுதி நிலையை மட்டுமே காட்டுவதால், எது முன், எது பின் என்பதை அதிலிருந்து அறிய இயலாது.

இவ்வகையில் 2017 இல் அமெரிக்காவின் நார்த்வெசுடர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு முக்கியமானது. நோயாளிகளின் உயிரணுக்களிலிருந்து வளர்த்த நரம்பணுக்களில் முதலில் இழைமணியில் ஆக்சிசனேற்ற அழுத்தமும், அதன்பின் ஆக்சிசனேற்றமடைந்த டோப்பமைனின் தேக்கமும், அதன்பின் லைசோசோமில் உள்ள குளூக்கோசெரிப்ரோசைடேசு நொதியின் குறைவும், ஆல்ஃபா-சைனுக்ளின் தேக்கமும் வரிசையாகக் காணப்பட்டன. தொடக்கத்திலேயே எதிர் ஆக்சிசனேற்றிகளைச் சேர்த்தபோது இத்தொடர் தணிந்தது. இதே டிஜே-1 குறைபாடுடைய எலி நரம்பணுக்களில் டோப்பமைன் இவ்வாறு தேங்கவில்லை. விலங்குகளில் பலன் தந்த மருந்துகள் மனிதரிடம் பலன் தராமைக்கு இவ்வேறுபாடு ஒரு காரணமாகலாம்.

மருத்துவ ஆய்வுகள்

மோனோஅமீன் ஆக்சிடேசு-பி நொதியைத் தடுத்தால் விலங்குகளை எம்பிடிபி பாதிப்பதில்லை என்னும் கண்டுபிடிப்பே முதற்பெரும் ஆய்வுக்கு வழிவகுத்தது. பின்வருவன குறிப்பிடத்தக்கவை:

* டேட்டாடாப் ஆய்வு: 1987 இல் தொடங்கியது. அமெரிக்காவிலும் கனடாவிலும் தொடக்க நிலை நோயாளிகள் 800 பேர் பங்கேற்றனர். நாளொன்றுக்கு 2000 அலகு வைட்டமின் ஈ எந்தப் பலனும் தரவில்லை. நொதித் தடுப்பியான செலிசிலின் லெவோடோப்பாவின் தேவையைத் தள்ளிப்போட்டது. ஆனால் அது அறிகுறிகளைத் தணிக்கும் செயலால் விளைந்ததாகவும் இருக்கக்கூடும் என்பதால் நரம்பணுக்களைக் காத்தது என முடிவு செய்ய இயலவில்லை.
* மைட்டோகியூ: இழைமணிக்குள் சென்று சேருமாறு வடிவமைக்கப்பட்ட எதிர் ஆக்சிசனேற்றி. 128 பேரிடம் ஓராண்டு நடந்து 2010 இல் வெளியான ஆய்வில் மருந்துப்போலியிலிருந்து வேறுபாடு இல்லை.
* துணைநொதி கியூ10: 80 பேரிடம் நடந்த சிறு ஆய்வு 2002 இல் நம்பிக்கை அளித்தது. 600 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு பலன் தெரியாமையால் 2011 இல் நிறுத்தப்பட்டது.
* இனோசின்: குருதியில் யூரேட்டு மிகுந்தோருக்கு நோய் குறைவாகவே வருகின்றது. யூரேட்டு ஓர் எதிர் ஆக்சிசனேற்றி என்பதால் அதனை உயர்த்தும் இனோசின் 298 பேரிடம் சோதிக்கப்பட்டது. 2021 இல் வெளியான முடிவின்படி நோய் வளர்ச்சி குறையவில்லை.
* டெபெரிப்ரோன்: இரும்பை அகற்றும் மருந்து. 372 பேரிடம் 36 வாரம் நடந்து 2022 இல் வெளியான ஆய்வில் கரும்பொருளில் இரும்பு குறைந்தது. ஆயினும் மருந்து பெற்றோரின் நோய் மதிப்பெண் 15.6 புள்ளியும், மருந்துப்போலி பெற்றோரின் மதிப்பெண் 6.3 புள்ளியும் மோசமடைந்தன. டோப்பமைனை உருவாக்கும் நொதிக்கும் இரும்பு தேவை என்பது இதற்குக் கூறப்படும் விளக்கம்.

இத்தோல்விகளுக்குப் பல விளக்கங்கள் உள்ளன. அறிகுறி தோன்றும் வேளையில் நரம்பணுக்களின் கணிசமான பகுதி அழிந்துவிட்டிருப்பதால் மருந்து தாமதமாகத் தரப்படுகின்றது. மருந்து உரிய இடத்தைப் போதிய அளவில் அடைவதில்லை. நோயாளிகள் அனைவரிடமும் நோயின் அடிப்படை ஒன்றல்ல என்பன அவை. கருதுகோளே தவறாக இருக்கலாம் என்பதும் ஒதுக்க முடியாத விளக்கமாகும்.

லெவோடோப்பா பற்றிய ஐயம்

லெவோடோப்பா மூளையில் டோப்பமைனாக மாறுவது. உயிரணு வளர்ப்புகளில் இது ஆக்சிசனேற்றமடைந்து நரம்பணுக்களைக் கொல்வதால், நோயாளிகளுக்கும் இது தீங்கு செய்யுமோ என்னும் அச்சம் நீண்டகாலம் நிலவியது. இதனால் சிகிச்சையைத் தள்ளிப்போட்டோரும் உண்டு. 361 பேரிடம் நடந்து 2004 இல் வெளியான ஆய்வில், 40 வார முடிவில் மருந்தை இரு வாரம் நிறுத்திய பின்னரும் லெவோடோப்பா பெற்றோர் மருந்துப்போலி பெற்றோரை விட நல்ல நிலையில் இருந்தனர். 445 பேரிடம் நடந்து 2019 இல் வெளியான ஆய்வில், முன்னரே தொடங்கியோருக்கும் 40 வாரம் கழித்துத் தொடங்கியோருக்கும் 80 வார முடிவில் வேறுபாடு இல்லை. அதாவது லெவோடோப்பா நோயை விரைவுபடுத்தியதாகவோ மந்தப்படுத்தியதாகவோ சான்று கிடைக்கவில்லை. சோதனைக்குழாயில் காணும் ஆக்சிசனேற்றம் அவ்வாறே மனித மூளையில் நிகழும் எனக் கொள்ளக்கூடாது என்பதற்கு இது சான்று.

தற்போதைய போக்கு

தனி உறுப்புகளைப் பொதுவாக அழிக்கும் பொருள்களைத் தேடுவதிலிருந்து ஆய்வு விலகி வருகின்றது. உயிரணுவின் சொந்தக் காப்பு மரபணுக்களை இயக்கும் என்ஆர்எஃப்2 புரதத்தைத் தூண்டுதல், பழுதான இழைமணிகளை அகற்றும் பிங்க்1, பார்க்கின் வழியை வலுப்படுத்துதல், குளூக்கோசெரிப்ரோசைடேசின் செயலை உயர்த்துதல் ஆகியன ஆராயப்படுகின்றன. அறிகுறிகள் தோன்றுமுன் நோயைக் கண்டறியும் முயற்சிகளும் இதனுடன் இணைந்தவை. ஆக்சிசனேற்றம் தொடக்கக் கட்டத்தின் நிகழ்வு என்றால், மருந்தும் அக்கட்டத்திலேயே சோதிக்கப்படவேண்டும்.

வைட்டமின் ஈ, துணைநொதி கியூ10 போன்றவை உணவுத் துணைப்பொருளாகக் கடைகளில் கிடைக்கின்றன. பார்க்கின்சன் நோயின் வளர்ச்சியை அவை குறைப்பதாக மேற்கண்ட ஆய்வுகள் எதிலும் நிறுவப்படவில்லை.

இவற்றையும் பார்க்க

* பார்க்கின்சன் நோய்
* டோப்பமைன்
* இழைமணி
* தனி உறுப்பு
* எதிர் ஆக்சிசனேற்றி
* அல்சைமர் நோய்